500 யூனிட்டைத் தாண்டுனா பில் ஏன் எகிறுது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கரண்ட் பில் வந்தாலே எங்க தெருவுல ஒரே புலம்பல்தான். "போன தடவையை விட அம்பது யூனிட்தானே கூட ஓடியிருக்கு, அதுக்கு எப்படிப்பா ஐநூறு அறுநூறு ரூபா ஏறும், மீட்டர்ல ஏதோ கோளாறு"ன்னு எதிர்வீட்டு அக்கா கேக்கறாங்க. மீட்டர் நல்லாத்தான் ஓடுது, கோளாறு அந்த 500 யூனிட் கணக்குல இருக்கு.

2022 செப்டம்பர் 10-ல வந்த ரேட்டை வச்சே சொல்றேன், 2024 ஜூலைல இன்னும் கொஞ்சம் ஏத்துனாங்க, ஆனா கணக்கு போடற முறை அதேதான். ரெண்டு மாசத்துக்கு 500 யூனிட்டுக்குள்ள இருந்தா முதல் 100 ஃப்ரீ, அடுத்த 100-க்கு யூனிட் 2.25, 201-ல இருந்து 400 வரை 4.50, அப்புறம் 500 வரை 6 ரூபா. ஆக 500 யூனிட்டுக்கு 1,725 ரூபா. ஒரே ஒரு யூனிட் கூடி 501 ஆயிட்டா அந்த 2.25 சலுகை மொத்தமா போயிடும், அந்த 100 யூனிட்டுக்கும் 4.50 போட்டுடுவாங்க, 501-வது யூனிட்டுக்கு 8 ரூபா, மொத்தம் 1,958. ஒரு யூனிட்டுக்காக 233 ரூபா சார்!

இதை விட பெரிய அநியாயம், ரீடிங் லேட்டா எடுக்கறது. தினம் 8 யூனிட் ஓடற வீடுன்னு வைங்க, 60 நாளைக்கு 480 யூனிட், பில் 1,605. அதே வீட்டுல ஆறு நாள் தள்ளி வந்து ரீடிங் எடுத்தா 528 யூனிட், பில் 2,174. கூடுன 48 யூனிட்டுக்கு 569 ரூபா, அதாவது யூனிட் கிட்டத்தட்ட 12 ரூபா, ஆயிரம் யூனிட்டுக்கு மேல ஓட்டறவங்களுக்கே அந்த ரேட்டுல 11 ரூபாதான். அந்த வீட்டுக்காரங்க கூடுதலா ஒரு லைட்டு கூட போடலையே.

அதனால எல்லாரும் மாசம் ஒரு தடவையாவது மீட்டரை போய் பாருங்க. டிஸ்ப்ளேல நம்பர் மாறி மாறி ஓடும், கேடபிள்யூஎச் (kWh, அதாவது யூனிட்)-னு காட்டற நம்பரை குறிச்சு, ஈபி கார்டுல இருக்கற பழைய ரீடிங்கை கழிச்சா போதும். 1000 வாட் ஒரு மணி நேரம் ஓடுனா ஒரு யூனிட். 75 வாட் பழைய ஃபேன் தினம் 20 மணி நேரம் ஓடுனா ரெண்டு மாசத்துக்கு 90 யூனிட், கரண்ட் கம்மியா இழுக்கற 30 வாட் பிஎல்டிசி ஃபேன்னா 36-தான், 528-ல நிக்கறவங்களுக்கு ஒரு ஃபேனை மாத்துனாலே 474-க்கு வந்துடும், அந்த பில்லுல மட்டும் 605 ரூபா குறையும்.

ஆனா வாடகை வீட்டுல இருக்கறவங்க, வயசானவங்க எல்லாம் இதை பண்ணிட்டு இருக்க முடியாது. மாசாமாசம் கணக்கெடுப்போம்னு 2021 தேர்தல்லயே திமுக வாக்குறுதி குடுத்துச்சு. அது வர்ற வரைக்கும் சுலபமா செய்யக்கூடியது ஒண்ணு இருக்கு, 66 நாள் ரீடிங்னா ஸ்லாப்பையும், அதாவது ரேட் மாறற அந்த 500 யூனிட் எல்லையையும், 66 நாளுக்கு ஏத்த மாதிரி 550 வரைக்கும் நீட்டி கணக்கு போடணும். மின்சார ஒழுங்குமுறை ஆணையம் இதுக்கு உத்தரவு போடணும், எத்தனை நாளுக்கான பில்னு பில்லுலயே பெருசா அச்சடிக்கணும். இதை உங்க பேப்பர் எடுத்து எழுதணும்னு கேட்டுக்கறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருச்சி