சுண்டெலிக்கும் தீவனக் கணக்கு உண்டு

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் செல்லப்பிராணிகளின் உணவு பற்றிய பக்கத்தைப் படித்தேன். நாய்க்கும் பூனைக்கும் பத்தி பத்தியாக எழுதிவிட்டு, வெள்ளைச் சுண்டெலிக்கு மட்டும் ‘ஏதாவது தானியம் போட்டால் போதும்’ என்று ஒரே வரியில் முடித்திருக்கிறீர்கள்.

இதே சொல்லைச் சொல்லித்தான் கோவையில் ஒரு கடையில் என் பேத்திக்குச் சுண்டெலியை விற்றார்கள். கூடவே ஒரு பொட்டலம் கிளித் தீவனமும் கொடுத்தார்கள். அது சூரியகாந்தி விதையை மட்டும் பொறுக்கித் தின்றது. தினையும் கம்பும் அப்படியே கிடந்தன. “அப்புச்சி, இதற்குக் கறுப்பு விதைதான் பிடிக்கிறது” என்று அவள் அதையே இன்னும் அள்ளிப் போட்டாள். சூரியகாந்திப் பருப்பில் ஏறக்குறைய பாதி கொழுப்பு. கொழுத்து, கூண்டுக்குள் ஓடி விளையாட வைத்த சக்கரத்தில் ஏற முடியாமல் போய், எட்டாம் மாதம் ஒரு நாள் காலையில் கூண்டு மூலையில் செத்துக் கிடந்தது. இரண்டு ஆண்டு வாழக்கூடிய உயிர் அது.

நான் நாமக்கல்லில் 30 ஆண்டுகள் கோழிப்பண்ணைக்குத் தீவனம் கலந்தவன். மக்காச்சோளம் எத்தனை கிலோ, சோயாப் புண்ணாக்கு எத்தனை கிலோ என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். என் வீட்டுத் திண்ணையில் இருந்த எலிக்கு அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க எனக்குத் தோன்றவில்லையே என்ற வருத்தம் இன்னும் ஆறவில்லை.

ஒன்றரை கிலோ எடையுள்ள முட்டைக்கோழி நாளைக்கு 100 முதல் 110 கிராம் வரை தின்னும். 30 கிராம் சுண்டெலி நான்கைந்து கிராம் தின்னும். உடல் எடையோடு வைத்துப் பார்த்தால் கோழியைப் போல இரண்டு பங்கு. எலிகளுக்கென்றே அரைத்துக் கலந்து சிறு குச்சிகளாகச் செய்த தீவனம்தான் அதன் அன்றாட உணவாக இருக்க வேண்டும். எல்லாச் சத்தும் ஒவ்வொரு குச்சியிலும் கலந்திருப்பதால் பொறுக்கித் தின்ன வழியில்லை. வளர்ந்த எலிக்குப் புரதம் 14 முதல் 16 சதவீதம் போதும்; குட்டிக்குப் பால் கொடுக்கும் எலிக்கு இன்னும் கூடுதலாக வேண்டும். இதற்கு மேல் ஒரு சிட்டிகை கம்போ சாமையோ, நகமளவு கேரட்டோ, வாரத்தில் ஓரிரு நாள் மிளகளவு அவித்த முட்டையோ கொடுக்கலாம். இரவில் நடமாடும் உயிர் என்பதால் விளக்கு வைக்கும் நேரத்தில் தீனி வைத்துவிட்டு, மிஞ்சிய ஈரத்தீனியைக் காலையில் எடுத்துவிட வேண்டும். சாக்லேட், முறுக்கு, மிக்சர் கூடவே கூடாது.

எங்கள் பக்கத்தில் சிலர் முட்டைக்கோழித் தீவனத்தையே எலிக்கும் வைக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். முட்டை ஓட்டுக்காக அதில் 3.5 முதல் 4 சதவீதம் வரை கால்சியம் சேர்க்கிறோம். எலிக்கு அரை சதவீதமே போதும்.

நிலக்கடலையில் இன்னும் கவனம் வேண்டும். பூசணம் பிடித்த கடலையில் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு உண்டாகிறது. 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேலான வான்கோழிகள் இறந்தது கெட்டுப்போன கடலைப் புண்ணாக்கைத் தின்றுதான். எலியால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனது போனதுதான். மனிதருக்கு ஆகாத சொத்தைக் கடலையை எலிக்குத் தள்ளிவிடாதீர்கள்.

தண்ணீர்ப் புட்டியின் நிப்பிளைத் தினமும் விரலால் தட்டிப் பாருங்கள். பண்ணையில் கோழிகள் தண்ணீர் குடிக்கும் நிப்பிள் அடைத்துக்கொள்வதைப் போலவே இதுவும் அடைத்துக்கொள்ளும். புட்டி நிறையத் தண்ணீர் இருக்கும், எலி தாகத்தில் தவிக்கும். முன்பல் வாழ்நாள் முழுக்க வளர்வதால் கொறிக்க, மருந்தடிக்காத கொய்யாக் குச்சி ஒன்றும் கூண்டில் கிடக்கட்டும்.

இப்போது பேத்தி இரண்டாவது எலி வளர்க்கிறாள். ஞாயிறுதோறும் சமையலறைத் தராசில் நிறுத்து நோட்டில் எழுதுகிறாள். போன வாரம் 32 கிராம்.

அந்த ஒரு வரியைத் திருத்தி வெளியிடுங்கள் ஐயா. நாமக்கல்லிலேயே கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்குள்ளவர்களைக் கேட்டு எலிக்கும் அரைப் பக்கம் ஒதுக்கினால், என் பேத்தி அதை வெட்டிக் கூண்டுக்கு மேல் ஒட்டிவைப்பாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கோழிப்பண்ணைத் தொழிலாளி,
நாமக்கல்.