சாப்பாட்டு மேசை வெள்ளை பூத்த விஷயம்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

குன்னூரில் நம் மரச்சாமான் பாலிஷ் பட்டறையை உங்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஸ்பிரிட் வாசனையை வைத்தே கடையைக் கண்டுபிடிக்கிறவர்கள் நீங்கள். ஐப்பசியிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு சாப்பாட்டு மேசையின் போட்டோ சுற்றுகிறது, பார்த்திருப்பீர்கள். பழைய தேக்கு மேசை. பாலிஷ் போட்ட மறுநாளே மோர் கொட்டியதுபோல வெள்ளை. நாங்கள் செய்ததுதான், மறுக்கவில்லை. ஆனால் கூடவே 'ஸ்பிரிட்டில் தண்ணீர் கலக்கிறார்கள்' என்று ஒரு வரி வருகிறதே, அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

தண்ணீர் கலந்தால் வெள்ளை பூக்கும் என்பது உண்மை. நம் ஊரில் கலக்காமலும் பூக்கும். அவலரக்கை (அவல்போலத் தட்டையாக வரும் அரக்கு) ஸ்பிரிட்டில் ஊறவைத்து, துணிப்பொதியில் தொட்டுத் தேய்ப்பதுதான் நம் பாலிஷ். ஸ்பிரிட் ஆவியாகும்போது பலகை சில்லிட்டுப்போகும். (கையில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள்.) காற்றில் ஈரம் அதிகமாக இருந்தால் அது அந்தக் குளிர்ந்த பரப்பில் படிந்து, காயாத அரக்குக்குள் மாட்டிக்கொள்ளும். அந்த ஈரம்தான் வெள்ளையாகத் தெரிவது. ஐப்பசி, கார்த்திகையில் மேகம் ஜன்னல் வழியாக வீட்டுக்குள் வந்து போகிற ஊர் இது. தண்ணீர் ஊற்ற நாங்கள் எதற்கு?

சரி, எங்கள் தவறையும் சொல்லிவிடுகிறேன். அன்று மழை விட்டும் விடாமலும் இருந்தது. வீட்டில் விசேஷம், மேசை உடனே வேண்டும் என்றார்கள், நானும் தலையாட்டிவிட்டேன். பதினெட்டு வருடம் நம்மிடம் இருந்த பாலிஷ்காரர் போயிருந்தால், வானத்தைப் பார்த்துவிட்டு டப்பாவைத் திறக்காமலே திரும்பியிருப்பார். அவர் ஆடியில் மகனோடு திருப்பூர் போய்விட்டார். புதுப் பையனைக் குறைசொல்ல மனம் வரவில்லை. உப்புத்தாள் வேலையை ஒழுங்காகத்தான் செய்திருந்தான். கரடான 80-ஆம் நம்பர் தாளில் பழைய வார்னிஷை எடுத்து, பிறகு 120, 180, கடைசியில் நைசான 220 என்று, எல்லாம் மரத்தின் ரேகை ஓடும் வாக்கிலேயே.

அப்புறம் வெயில் அடித்த ஒரு மதியம் நானே போய், பொதியில் துளி ஸ்பிரிட் மட்டும் தொட்டு மேலாக ஓட்டினேன். அரக்கு இளகி, ஈரம் வெளியேறி, வெள்ளை போய்விட்டது. வெள்ளை போன மேசையின் போட்டோவை மட்டும் யாரும் யாருக்கும் அனுப்பவில்லை.

உங்கள் மேசையிலும் அப்படி இருந்தால் சொல்லுங்கள், காசு வாங்காமல் சரிசெய்து தருகிறோம். சூடான டம்ளர் வைத்த வெள்ளை வட்டத்துக்கும் பெரும்பாலும் இதே வைத்தியம்தான். கறை கறுப்பாக இருந்தால் வேறு கதை. இரும்புச் சட்டியின் ஈரம் மரத்துக்குள் இறங்கியிருக்கும். ஆக்ஸாலிக் அமிலம் வைத்து எடுக்க வேண்டும். அது விஷம், நீங்களாக வீட்டில் முயல வேண்டாம். ரசப் பாத்திரத்தை அடுப்பிலிருந்து நேராக மேசைக்குக் கொண்டுவரும் வீடுகளுக்கு அரக்கைவிட பி.யூ. (பாலியூரித்தேன் என்கிற பிளாஸ்டிக் வகைப் பூச்சு) நன்றாகத் தாங்கும். அந்தக் கண்ணாடிப் பளபளப்பு எனக்குப் பிடிக்காது என்பது வேறு விஷயம்.

போட்டோ வந்த அன்றே 'எங்கள் வீட்டு மேசை பன்னிரண்டு வருடமாக அப்படியே இருக்கிறது' என்று பதில் போட்ட கோத்தகிரி அம்மாவுக்கும், கொட்டுகிற மழையில் ஆறு நாற்காலிகளை ஆட்டோவில் ஏற்றிவந்து நம்மிடமே விட்டுப்போன வெலிங்டன் ஐயாவுக்கும் என்ன சொல்லி நன்றி சொல்வது? அன்று டீ கொடுக்கக்கூட மறந்துவிட்டேன், மன்னியுங்கள்.

மார்கழி முடியும்வரை வீடுகளுக்கு வந்து பாலிஷ் போடுவதில்லை. முன்பணம் கொடுத்தவர்களுக்குத் தையில் வரிசைப்படி வருகிறோம். ஆறு பேர் மேசைக்கு 7,000 ரூபாய் இருந்தது இனி 8,500.

அன்புடன்,
உங்கள் பட்டறைக்காரன்