கடல் ஏறும் நேரம்: தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

கடலோரப் பாதையில் தனியாகப் போனால் பயமாக இருக்காதா என்று போன வாரம் கேட்டாய். போனில் சரியாகச் சொல்ல வரவில்லை. நீயும் ஒரு நாள் கிளம்பத்தான் போகிறாய். அதனால் அன்று நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

காலை ஏழு மணிக்கு நடக்கத் தொடங்கினேன். கடலோரம்தானே, சமதளமாக இருக்கும் என்று நினைத்துவிடாதே. கடலைத் தேடி வரும் ஒவ்வொரு ஓடையும் கரையை அறுத்துப் பள்ளமாக்கி வைத்திருக்கிறது. இறங்க வேண்டும், ஓடையைத் தாண்ட வேண்டும், மறுபடி ஏற வேண்டும். இங்கிலாந்தின் தென்மேற்குக் கடலோரப் பாதை சுமார் 1,014 கிலோமீட்டர் நீளம். அதன் ஏற்றங்களை மட்டும் கூட்டினால் எவரெஸ்டின் உயரத்தைப்போல் ஏறக்குறைய நான்கு மடங்கு வரும். நான் நடந்தது வேறு பாதைதான். ஆனாலும் மூன்றாவது பள்ளத்தில் ஏறும்போதே அந்தக் கணக்கு எப்படி வருகிறது என்று புரிந்துவிட்டது.

மேலே ஏறியதும் நின்றுவிட்டேன். மணலில் நிற்கும்போது நம் கண்ணுக்குத் தொடுவானம் ஐந்து கிலோமீட்டர்கூட இல்லை. நூறு மீட்டர் உயரத்துக்குப் போனால் அதுவே 36 கிலோமீட்டர் ஆகிவிடும். தூரத்தில் எங்கோ பெய்யும் மழை சாம்பல் நிறத் திரைபோலத் தொங்குவதையும், அது நகர்வதையும் பார்த்துக்கொண்டே நடந்தேன். பக்கத்தில் யாராவது இருந்திருந்தால் பேசியிருப்பேன், அதைப் பார்த்திருக்க மாட்டேன்.

என் திட்டம் இதுதான். ஒன்பதாவது கிலோமீட்டரில் ஒரு பாறை முனை வரும். அதற்கு மேலே வழி கிடையாது. கடல் வற்றி நீர் பின்வாங்கியிருக்கும்போது கீழே இறங்கி, உருளைக் கற்கள் மேல் ஒரு மணி நேரம் நடந்து சுற்றிப்போக வேண்டும். அன்று கடல் முழுதாக வற்றுவது 10.30-க்கு. 1892-இல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி சொன்ன கணக்கு ஒன்று உண்டு: ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி, ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணி. அதன்படி பத்து மணிக்குள் நான் அங்கே இருந்திருக்க வேண்டும். ஆனால் அது நல்ல தரையில் நடப்பவருக்கான கணக்கு. வழியில் அரை கிலோமீட்டருக்கு ஈரப் பாறைதான். வெள்ளைச் சிப்பி ஓடுகள் ஒட்டியிருக்கும் இடத்தில் செருப்பு நன்றாகப் பிடிக்கும். கருமையாகவோ பச்சையாகவோ தெரியும் இடத்தில் கால் வைத்தால் வழுக்கிவிடும். ஒவ்வொரு அடியையும் பார்த்துத்தான் வைத்தேன். அப்புறம் ஒரு பாறைக் குழிக்குள் சிவப்பாகப் பூத்திருந்த கடல் சாமந்தி, பூப்போலவே தெரியும் ஒரு கடல் உயிரி. அதன் முன்னால் குந்தி உட்கார்ந்ததில் நேரம் போனதே தெரியவில்லை.

முனைக்கு வந்தபோது மணி 12.10.

இந்த இடத்தை நீ நிதானமாகப் படிக்க வேண்டும். வற்றிய கடல் மறுபடி நிரம்ப ஏறக்குறைய ஆறு மணி நேரம் ஆகும். ஆனால் அது ஒரே வேகத்தில் ஏறுவதில்லை. மொத்த ஏற்றத்தைப் பன்னிரண்டு பங்காக வைத்துக்கொள். பொதுவாக முதல் மணியில் ஒரு பங்கு, இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதிலும் நான்காவதிலும் மும்மூன்று. அதாவது மொத்த ஏற்றத்தில் பாதி, நடுவில் உள்ள இரண்டு மணி நேரத்திலேயே வந்துவிடுகிறது. பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய நாட்களில் அந்த ஏற்றமே இன்னும் பெரிது. 12.10-க்கு இறங்கினால் அந்த வேகமான நேரத்துக்குள்தான் நான் நடந்திருப்பேன். ஒரு பக்கம் ஏற முடியாத பாறை, மறுபக்கம் அலை.

அப்போது பார்க்க ஆபத்தாகவே தெரியவில்லை, தம்பி. கற்கள் காய்ந்துதான் கிடந்தன, மணல்கூடத் தெரிந்தது. வேகமாக நடந்தால் போய்விடலாம் என்று மனசு சொன்னது. ஆனால் முந்தின இரவே ஒரு தாளில் '11.30 தாண்டினால் திரும்பு' என்று எழுதிப் பையில் வைத்திருந்தேன். களைப்பும் ஆசையும் இல்லாத நேரத்தில் எழுதியது அது. அதை எடுத்துப் படித்தேன். படித்துவிட்டு மேட்டில் உட்கார்ந்து கடலைப் பார்த்தேன். ஒரு மணிக்கு அந்த மணல் இல்லை. ஒன்றேகாலுக்கு அலை நேராகப் பாறையில் மோதியது.

பயமாக இருந்ததா என்றால், அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது இருந்தது. சரி என்று எழுந்து, வந்த வழியே ஒன்பது கிலோமீட்டரும் திரும்பி நடந்தேன். பள்ளங்களில் சிக்னல் இல்லை. ஐந்தரைக்கு ஒரு மேட்டில்தான் அம்மாவுக்குச் செய்தி போனது.

அந்த முனையைச் சுற்ற மறுபடி போகிறேன். இந்த முறை விடியும் முன்பே கிளம்புவேன். எந்தப் பாதை, எப்போது கடல் வற்றும், எத்தனை மணிக்குத் திரும்புவேன் எல்லாவற்றையும் உனக்கே அனுப்புகிறேன். இரவு எட்டுக்குள் நான் கூப்பிடவில்லை என்றால் யாரை அழைக்க வேண்டும் என்பதும் அதில் இருக்கும். அன்று மட்டும் போனை சைலன்ட்டில் போடாதே.

அன்புடன்,
அக்கா