அம்மாவிடம் கேட்டுவை

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து ஒரு மாதம் ஆகிறது. கோபித்துக்கொள்ளாதே. வீட்டில் சின்னம்மை. முதலில் மகளுக்கு, அப்புறம் எனக்கு.

அவள் வயிற்றில் இரண்டு கொப்புளம் தெரிந்தது. பூச்சிக்கடி என்று விட்டுவிட்டோம். மறுநாள் காலையில் முதுகு, தலை, வாய்க்குள்கூட நீர் கோத்து நின்றது. டாக்டர் பார்த்ததுமே சொல்லிவிட்டார். கொப்புளம் தெரிவதற்கு 1, 2 நாள் முன்பிருந்தே இது பரவும் என்றும் சொன்னார். எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது. முந்தின நாளுக்கு முந்தின நாள்தான் மனைவியின் தங்கை வந்திருந்தாள். ஐந்து மாதக் கர்ப்பிணி. மகள் அன்று முழுக்க சித்தி மடியை விட்டு இறங்கவில்லை.

போனில் அவளிடம் எப்படிச் சொல்வது? மனைவிதான் சொன்னாள். அவளுக்குச் சின்ன வயதில் வந்திருந்ததா என்று கேட்க மாமியார் இப்போது இல்லை, அக்காவுக்கும் நினைவில்லை. ரத்தப் பரிசோதனை செய்து முடிவு வரும்வரை வீட்டில் யாரும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. உடம்பில் ஏற்கெனவே எதிர்ப்புச் சக்தி இருக்கிறது என்று வந்ததும் அக்காவும் தங்கையும் போனிலேயே அழுதார்கள்.

சின்னவனுக்கு அன்றைக்கே தடுப்பூசி போட்டார்கள். தொற்று பட்ட 3 முதல் 5 நாளுக்குள் போட்டால் பலன் உண்டாம். இதுவரை அவனுக்கு ஒன்றும் இல்லை. டாக்டர் என்னைக் கேட்டார். "எனக்குச் சின்ன வயதிலேயே வந்துவிட்டது" என்று அடித்துச் சொன்னேன்.

பகலை எப்படியோ ஓட்டிவிடலாம், இரவுதான் கொடுமை. நகத்தை ஒட்ட வெட்டி, இரண்டு கையிலும் சாக்ஸ் மாட்டிவிட்டும், தூக்கத்தில் முதுகைச் சுவரில் தேய்ப்பாள். பஞ்சில் கேலமைன் லோஷன் நனைத்து ஒவ்வொரு கொப்புளமாக ஒற்றியெடுப்பேன். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும்தான். ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது, குழந்தைகளின் மூளையையும் கல்லீரலையும் தாக்கக்கூடும் என்று டாக்டர் இரண்டு முறை சொன்னார். அப்படி விழித்திருந்த ஓர் இரவில்தான் மிச்சியாகி தகஹாஷியைப் பற்றிப் படித்தேன். தன் மகன் சின்னம்மையில் பட்ட பாட்டைக் கண்ணால் பார்த்த ஜப்பானிய டாக்டர். 1974இல் இதற்குத் தடுப்பூசி கண்டுபிடித்தார். 'அடுத்த மாதம் போடலாம்' என்று நான் மாதா மாதம் தள்ளிப்போட்ட அதே ஊசி. படித்த பிறகு அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அவளுக்குப் பொருக்கு உதிர்ந்து, சரி, முடிந்தது என்று மூச்சுவிட்டோம். 15ஆம் நாள் எனக்கு உடம்பெல்லாம் அடித்துப்போட்ட மாதிரி வலி. மறுநாள் மார்பில் கொப்புளம். அம்மாவுக்குப் போன் செய்தேன். "உனக்கு இல்லப்பா, அது அண்ணனுக்கு. உன்னை அப்போ பாட்டி வீட்டுக்கு அனுப்பிட்டோமே" என்றார்.

பெரியவர்களுக்கு வந்தால் கடுமையாக இருக்கும், மூச்சு வாங்கினால் ராத்திரி என்றாலும் கிளம்பி வா என்றார் டாக்டர். அசைக்ளோவிர் மாத்திரை ஒரு நாளைக்கு 5 வேளை, 7 நாள். நல்லவேளை, நுரையீரலுக்குப் போகவில்லை.

மூன்றாம் நாள் மகள் கதவோரம் வந்து நின்றாள். "என்கிட்டேருந்துதானே உங்களுக்கு வந்துச்சு?" என்று கேட்டாள். கண் நிறைந்திருந்தது. எத்தனை நாளாக இதைச் சுமந்துகொண்டிருந்தாளோ. யாரிடமிருந்தோ உனக்கு வந்தது, அவர்களுக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு பஞ்சையும் லோஷனையும் எடுத்துக்கொண்டு வந்து என் முதுகுப் பக்கம் உட்கார்ந்தாள். எண்ணிக்கொண்டே ஒற்றினாள். 61 வரை எண்ணினாள். நடுவில் ஒருமுறை என் கையைப் பிடித்து, "சொறியாதீங்கப்பா, தழும்பு விழும்" என்றாள்.

இப்போது எல்லாம் காய்ந்துவிட்டது. நெற்றியில் அவளுக்கு ஒன்று, எனக்கு ஒன்று தழும்பு நிற்கும் போலிருக்கிறது.

உனக்கு வந்திருக்கிறதா? அம்மா பக்கத்தில் இருக்கும்போதே கேட்டு எழுதிவைத்துக்கொள். மகனுக்கு இரண்டாவது டோஸ் போட்டாகிவிட்டதா என்றும் எழுது.

அன்புடன்,
உன் நண்பன்