இரவு பத்து மணிக்குப் பிறகு சம்பளமில்லாம வேலை வாங்குறதை நிப்பாட்டித் தரச் சொல்லி மனு

தொழில் விடயங்களுக்குப் பொறுப்பான அதிகாரி ஐயா அவர்களுக்கு,
திருகோணமலை.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். ரவுணுக்குள்ளயும் வெளியிலயும் கிளை வச்சு நடத்துற ஒரு பாஸ்ட் பூட் கடையில வேலை செய்யிற பிள்ளையள் நாங்க. இதே விசயமா முந்தியும் எழுதிக் குடுத்தம், பார்க்கிறம் எண்டு வாங்கி வச்சாங்க, பிறகு ஒரு பதிலும் வரேல்ல. உங்களுக்கு வேலை கூட எண்டு விளங்குது, அதால திரும்பவும் பணிவா எழுதுறம்.

1. ஒருத்தருக்கும் நியமனக் கடிதம் தரேல்ல. கேட்டா "இன்னும் ட்ரெயினிங்தானே" எண்டு சொல்றாங்க. பர்கர் சுத்துறதுக்கு எத்தின வருசம் ட்ரெயினிங் எண்டு தெரியேல்ல.

2. பழைய ஆட்களுக்கு ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) 8 வீதம் சம்பளத்தில ஒழுங்கா வெட்டுறாங்க, ஆனா முதலாளி போட வேண்டிய 12 வீதமும் ஈடிஎஃப் (ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதி) 3 வீதமும் சில மாசம் வருது சில மாசம் வரேல்ல. ட்ரெயினிங் பிள்ளையளுக்கு ஒண்டுமே இல்ல, வேலைக்கு வந்த முதல் நாளில இருந்தே போட வேணும் எண்டுதானே சட்டம். ஆகக் குறைஞ்ச மாசச் சம்பளம் 2025 ஏப்ரலில 27,000 ரூபா எண்டு வந்து, 2026 ஜனவரியில இருந்து 30,000 ரூபா ஆச்சு, எங்கட கடையில சாப்பாட்டுக் காசு, யூனிபோம் காசு எல்லாத்தையும் சேர்த்துத்தான் அந்தக் கணக்கைக் காட்டுறாங்க.

3. இதுதான் ஐயா முக்கியம், மற்றதெல்லாம் பிறகு பார்த்தாலும் பரவாயில்ல. கடை பூட்டுறது இரவு 10 மணிக்கு. 10 அடிச்ச உடனே மனேஜர் எல்லாரையும் வரிசையா நிக்க வச்சு பிங்கர் பிரிண்ட் மெசினில கை வைக்கச் சொல்லுவார், அதோட மெசினுக்கு நாங்க வீட்டுக்குப் போயிட்டம், ஆனா உண்மையில அதுக்குப் பிறகுதான் பெரிய வேலையே தொடங்குது. பொரிக்கிற எண்ணெயை வடிச்சு வடிகட்ட வேணும், சூடு ஆறும் வரைக்கும் நிண்டா நேரம் போகுதெண்டு சூட்டோடயே செய்யச் சொல்றதால கையில கொப்புளம் இல்லாத பிள்ளை இல்ல, பிறகு கிரில் சுரண்டி, தரை கழுவி, எண்ணெய்த் தொட்டி அள்ளி, காசு எண்ணி முடிய 11.30, நிலாவெளிக்கு வெளிநாட்டுச் சனம் வாற சீசன் எண்டா 12. இந்த நேரத்துக்கு ஒரு சதம் இல்ல. 1954ஆம் ஆண்டு கடை, காரியாலய ஊழியர் சட்டத்தில நாளைக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45, அதுக்கு மேல செய்தா ஒண்டரை மடங்குச் சம்பளம் எண்டு இருக்கு. எங்களுக்கு ஒண்டரை மடங்கு வேண்டாம், செய்த வேலைக்கு ஒரு மடங்காவது தரச் சொல்லுங்க எண்டு எழுத வந்தது, பிறகு யோசிச்சம், ஏன் வேண்டாம், சட்டத்தில இருக்கிறதைத்தானே கேக்கிறம்.

அதுக்குப் பிறகு வீட்டுக்குப் போறது. குச்சவெளிப் பக்கம், மூதூர்ப் பக்கம் கடைசி பஸ் எப்ப போகும் எண்டு உங்களுக்குச் சொல்லத் தேவையில்ல. அந்த நேரம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் போனா ரவுணுக்குள்ள திரியிற மானும் நாயும்தான் படுத்திருக்கும். கிண்ணியாவுக்கு 2009இல பாலம் வந்து முந்தி மாதிரித் தோணிக்குக் காத்து நிக்கத் தேவையில்லாமப் போச்சு, சரி, பாலத்தால போக பஸ் வேணுமே. இறக்கக்கண்டியில இருந்து வாற பிள்ளைக்கு ஓட்டோவுக்குக் குடுத்தா அண்டைக்கு உழைச்சதில பாதி போகும். தகப்பன் இல்லாத பிள்ளை, தாய் றோட்டில வந்து நிண்டுகொண்டு போன் எடுப்பா, ஆனா போனை லொக்கரில வைக்கச் சொல்லிப் பூட்டிட்டாங்க. முதலாளியிட்ட ஒரு வான் இருக்கு, பகல் முழுக்க கோழி ஏத்தி இறக்குது, இரவில கடைக்குப் பின்னால சும்மாதான் நிக்குது. கேட்டதுக்கு "அது சாமான் வான்" எண்டார். கோழிக்கு வான் இருக்கு எங்களுக்கு இல்ல, இதை வேற எப்பிடி எழுதுறது ஐயா?

4. காசு ஷோட் வந்தா, ஓடர் கான்சல் ஆனா எங்கட சம்பளத்தில வெட்டு. அதை விடுங்க. வெட்டின காசுக்குக் கணக்குக் கேட்ட பொடியனைத்தான் அடுத்த நாளில இருந்து தொடர்ந்து இரவு ஷிப்டில போட்டாங்க, அதுதான் எங்களுக்குத் தண்டனை எண்டு அவங்களுக்கே தெரியும்.

5. முந்தி குடுத்த மனுவில பெயர் போட்டவங்க ஆர் எண்டு கடைக்குத் தெரிஞ்சிட்டு. எப்பிடித் தெரிஞ்சது எண்டு நாங்க கேக்கேல்ல. கேக்கவும் பயம். ஆனா நீங்க கேக்கலாம்தானே?

ஐயா, தயவு செய்து வந்து பாருங்க. பகலில வந்தா புத்தகமெல்லாம் சரியாத்தான் இருக்கும், மெசினில எல்லாரும் 10 மணிக்குப் போனதாத்தான் இருக்கும், குளிரா ஏதாவது குடிக்கத் தந்து அனுப்புவாங்க. இரவு பத்தேமுக்காலுக்கு வாங்க, முன் ஷட்டர் பூட்டியிருக்கும், பக்கத்து ஒழுங்கையால பின்கதவுக்கு வாங்க. செய்த நேரத்துக்கு ஓ.டி. (மேலதிக நேரச் சம்பளம்), வீட்டுக்குப் போறதுக்கு வாகனம், இந்த ரெண்டையும் எழுத்தில வாங்கித் தாங்க. திரும்பவும் கெஞ்சிக் கேக்கிறம்.

இப்படிக்கு,
கடையில வேலை செய்யிற பிள்ளையள்
(பெயரும் கையெழுத்தும் தனித்தாளில், ஒட்டின கவரில)

பி.கு.: பதில் போடுறதெண்டா தயவு செய்து கடை விலாசத்துக்குப் போட வேண்டாம். கவருக்குள்ள ஒரு வீட்டு விலாசம் எழுதியிருக்கு.