எங்கள் குட்டி ஆலமரத்துக்காக ஓடித் திரிந்தவர்களுக்கு

திருகோணமலை உவர்மலை அயலவர்களுக்கும், எங்களுடைய சாடி மரத்துக்காகக் கையைக் காலை அழுக்காக்கிய எல்லோருக்கும் வணக்கம்.

நன்றி சொல்ல முன்னம் ஒரு மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கிறது. பக்கத்து வீட்டுத் தம்பியிடம். 2024 ஏப்ரலில் மகளின் பிள்ளைப்பேற்றுக்காக நானும் மனைவியும் கனடாவுக்குப் போனபோது, வீட்டுத் திறப்பையும் மரத்தையும் உயர்தரம் படிக்கிற அந்தப் பிள்ளையிடம்தான் கொடுத்துவிட்டுப் போனோம். செப்டெம்பர் கடைசியில் வந்து பார்த்தால் மரத்தில் ஓர் இலை இல்லை. கொப்புகள் விறகுக்குச் சேர்த்த சுள்ளி மாதிரி நின்றன. பயணக் களைப்பு வேறு. நேரே போய் அவருடைய அம்மாவிடம், "ஒரு சுண்டு தண்ணி ஊத்தவும் நேரமில்லாமல் போச்சா?" என்று கேட்டுவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. தம்பி மட்டும், "நான் ஒவ்வொரு நாளும் ஊத்தினனான் மாமா" என்றார். நான் நம்பவில்லை.

அந்த மரம் பெரிய விலை கொடுத்து வாங்கியது அல்ல. 1996இல், மகள் பிறந்த வருடம், காகத்தின் எச்சத்தில் விழுந்த விதை எங்கள் கிணற்றுக்கட்டு வெடிப்பில் முளைத்திருந்தது. விட்டால் கட்டைப் பிளந்துவிடும். பிடுங்கி எறிய மனமும் வரவில்லை. தட்டையான சீமெந்துச் சாடி ஒன்றில் வைத்து, வேரையும் கொப்பையும் வெட்டி வெட்டி இரண்டு அடிக்கு மேல் போகவிடாமல் வளர்த்தோம். போன்சாய் என்ற ஜப்பானியச் சொல்லுக்குத் தட்டத்தில் நடுவது என்றுதான் அர்த்தமாம். அது தெரியாமலேயே தட்டத்தில் நட்டிருக்கிறோம். கோணேசர் கோயில் தலவிருட்சம் கல்லால மரம், அதனால் இதையும் சும்மா நினைக்கக்கூடாது என்பது மனைவியின் கட்சி. கல்லால் வேறு, இது வேறு என்று சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற விவசாயப் போதனாசிரியர் ஐயாதான் முதலில் வந்தவர். நகத்தால் நுனிக் கொப்பைச் சுரண்டினார், காய்ந்த மண்ணிறம். இன்னும் கீழே சுரண்டினார், அதுவும் அப்படித்தான். அடிமரத்துக்குக் கிட்ட ஊசியால் மெல்லக் குத்தியபோது ஒரு துளி பால் எட்டிப்பார்த்தது. "சாகேல்லைத் தம்பி" என்றார். எனக்கு 63 வயது. அவருக்கு நான் தம்பி.

அதன்பிறகு அவர் செய்ததைத்தான் நான் மறக்க மாட்டேன். பெரிய பேசினில் தண்ணீர் நிரப்பி, சாடியை விளிம்பு மூழ்க இறக்கி வைத்தார். குமிழிகள் வரத் தொடங்கின. ஒரு தேத்தண்ணி ஊற்றிக் குடித்து முடித்த பிறகும் வந்துகொண்டே இருந்தன. "தண்ணி ஊத்தாமல் விடேல்லை. மண்தான் குடிக்கேல்லை" என்றார். எட்டு வருடம் மண் மாற்றாமல் நான் வைத்திருந்ததில் வேரும் மண்ணும் இறுகிக் கட்டியாகிவிட்டன. மேலே ஊற்றிய தண்ணீர் நடுவில் இறங்காமல் சாடியின் ஓரத்தால் வழிந்து போயிருக்கிறது. மே தொடங்கிச் செப்டெம்பர் வரை அடிக்கும் வறட்டுக் கச்சான் காற்றுக்கு அந்த ஈரம் எங்கே காணும்?

தம்பி, ஐந்து மாதமும் நீங்கள் தண்ணீர் ஊற்றினீர்கள். பிழை என்னுடையது. அம்மாவிடம் நான் பேசிய பேச்சையும் மன்னித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

சாடியைக் கவிழ்த்தபோது வேர் தும்புத்தடுக்கு மாதிரி சுருண்டு வந்தது. நடுப்பகுதி உமியாய் உதிர்ந்தது. அடியில் வடிகால் துளை அடைபட்டு, அங்கே நின்ற வேரெல்லாம் கறுத்து அழுகி நாறியது. ஒரே சாடிக்குள் பாதி தாகம், பாதி வெள்ளம். விளிம்பில் வெள்ளையாகப் பூத்திருந்தது எங்கள் கிணற்றின் உவர். அழுகியதை வெளிர்நிறம் தெரியும்வரை வெட்டினோம்.

திரும்பவும் சின்னச் சாடிக்குள் வைக்க ஐயா விடவில்லை. நோயாளி கால் நீட்டிப் படுக்க இடம் வேண்டுமாம். கிண்ணியாவிலிருந்து மீன் கொண்டுவரும் நானா ஒரு ரெஜிபோம் பெட்டி தந்தார். உப்புப் போக நாலு தரம் கழுவி, கம்பியைச் சூடாக்கி அடியில் துளையிட்டோம். இடித்த வீட்டின் செங்கல் துண்டுகளை மேசன் அண்ணை கொண்டுவந்து கொட்டினார். பிள்ளைகள் உடைத்து, அரிதட்டில் அரித்துத் தூசியைப் போக்கிக் கடலைப் பருமனில் எடுத்துத் தந்தார்கள். அதோடு ஆற்று மணல், ஒரு பிடி கூட்டெரு. கடற்கரை மணலில் உப்பு இருப்பதால் அது வேண்டாம். செல்வநாயகபுரத்து அக்கா தன் நல்ல தண்ணிக் கிணற்றிலிருந்து இரண்டு கான் நிரப்பித் தர, மழை தொடங்கும்வரை ஓட்டோத் தம்பி ஒன்றுவிட்ட ஒரு நாள் கொண்டுவந்து இறக்கினார். கூலி வாங்கவேயில்லை.

கொப்புகளை வளைக்க நான் சுற்றியிருந்த அலுமினியக் கம்பி பட்டைக்குள் புதைந்து போயிருந்தது. இழுத்து அவிழ்க்கப் போனேன். கடைத்தெருவில் மணிக்கூடு திருத்தும் அண்ணை கையைப் பிடித்து நிறுத்தி, தன் சின்னக் கட்டரால் சுற்றுச் சுற்றாக நறுக்கி எடுத்தார். நான் இழுத்திருந்தால் பட்டையும் சேர்ந்து உரிந்திருக்கும்.

அப்புறம் ஐந்து கிழமை ஒன்றுமே நடக்கவில்லை. எனக்கு அதுதான் பெரிய வேதனை. யூரியா கொஞ்சம் போடலாமா என்று ஐயாவிடம் கேட்டேன். "காய்ச்சல்ல கிடக்கிறவனுக்கு ஆராவது புரியாணி தீத்துவினமா?" என்று ஏசினார். வெயிலில் வைக்கப் போனேன், மனைவி பெட்டியைத் திரும்ப மாமர நிழலுக்கு இழுத்துக்கொண்டு போனார். வேர் பிடித்துவிட்டதா என்று நான் ஆட்டிப் பார்ப்பதால் மரத்தைப் பெட்டியோடு சேர்த்துக் கயிற்றால் கட்டியும் வைத்தார். இலை இல்லாத மரம் அதிகம் குடிக்காது. மூங்கில் குச்சியைக் குத்தி எடுத்து, ஈரம் இல்லாவிட்டால்தான் தண்ணீர். ரியூசனுக்குப் போகமுன் காலையில் வந்து குச்சி பார்த்தது அதே பக்கத்து வீட்டுத் தம்பிதான். நான் பேசிய பேச்சுக்குப் பிறகும் வந்தார்.

நவம்பரில் அடிமரத்தில் ஊசிமுனை அளவில் ஒரு முளை, அடுத்த நாள் இன்னொன்று. மார்கழி அடைமழைக்குப் பெட்டியின் ஒரு பக்கத்தில் அரைக்கல் வைத்துச் சரித்துவிட்டோம், தண்ணீர் தங்கவில்லை. இடையில் எறும்போடு வெண்மூட்டுப் பூச்சியும் வந்தது. மனைவி சவர்க்காரத் தண்ணீரில் பஞ்சை நனைத்து ஒவ்வொன்றாகத் துடைத்தார். தைப்பொங்கலன்று எண்ணினேன், 41 இலை. மேற்கொப்பு இரண்டு பட்டுத்தான் போய்விட்டன. பழைய வடிவு இனி வராது.

மணிக்கூட்டு அண்ணை, உங்கள் கட்டர் இன்னும் எங்கள் வீட்டில்தான் கிடக்கிறது. வெள்ளிக்கிழமை கொண்டுவந்து தருகிறேன். நானா, எத்தனை தரம் கழுவினாலும் பெட்டியில் மணம் போகவில்லை. தெருப்பூனை எல்லாம் மரத்தைச் சுற்றியே படுத்திருக்கின்றன.