லிவர்பூலுக்கு வா

மான்செஸ்டர்

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் வந்தது. பேரன் ஓடிவந்து உன் மடியில் ஏறிக்கொண்டான் என்று படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. மதினிக்கு முழங்கால் வலி தேவலையா? இங்கே எல்லோரும் நலம். நான் வேலையிலிருந்து ஓய்வுபெற்று நாலு மாதம் ஆகிறது. தோட்டத்தில் தக்காளி போட்டிருக்கிறேன்.

லண்டனைத் தாண்டி ஓர் ஊரை இரண்டு நாள் பார்க்க வேண்டும், மகனுக்குச் செலவு வைக்கக் கூடாது என்று எழுதியிருந்தாய். லிவர்பூலுக்கு வா. அந்த ஊரில் பார்க்க வேண்டியவற்றில் பாதிக்கு மேல் இலவசம். பணம் போவது ரயிலுக்கும் அறைக்கும்தான்.

முதலில் ரயில். டிக்கெட்டைச் சில வாரம் முன்னதாகவே எடுத்துவிடு. அதற்கு முன் உங்கள் இருவருக்குமாக 'டூ டுகெதர் ரெயில்கார்டு' ஒன்று வாங்கிக்கொள். சேர்ந்து பயணம் செய்தால் கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கு குறையும். வார நாட்களில் காலை ஒன்பதரைக்குப் பிறகுதான் அது செல்லும். லண்டன் யூஸ்டன் ஸ்டேஷனிலிருந்து நேர் வண்டி சுமார் இரண்டேகால் மணி நேரம். வழியில் க்ரூ என்ற ஊரில் மாறிப் போகும் வண்டி மெதுவானது, ஆனால் பெரும்பாலும் மலிவு. மதினிக்குப் படியேறி இறங்குவது சிரமம் என்றால் நேர் வண்டியே எடு, அதில் கணக்குப் பார்க்காதே.

போன வருஷம் நாங்கள் ஒரு சனிக்கிழமை தங்கினோம். அன்றைக்குக் கால்பந்து ஆட்டம் என்று தெரியாமல், அறைக்கு இரண்டு மடங்கு கொடுத்தோம். அதனால் செவ்வாய், புதன் என்று வைத்துக்கொள். திங்கட்கிழமை வேண்டாம், அருங்காட்சியகங்கள் பொதுவாகத் திறப்பதில்லை. லைம் ஸ்ட்ரீட் ஸ்டேஷனிலிருந்து நடக்கும் தூரத்தில் அறை எடு. ஊருக்கு வெளியே மலிவாக எடுத்தால் மிச்சம் பிடித்தது டாக்ஸிக்குப் போய்விடும்.

ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் வாக்கர் கலைக்கூடம், மத்திய நூலகம், உலக அருங்காட்சியகம் மூன்றும் ஒரே வரிசையில் இருக்கின்றன. எதற்கும் நுழைவுக் கட்டணம் இல்லை. நூலகத்துக்குள் பிக்டன் வாசிப்பறை என்று வட்டமான ஒரு கூடம் உண்டு, சுவர் முழுக்கப் புத்தகம். பாளையங்கோட்டையில் நூலகம் மூடும்வரை உட்கார்ந்திருப்பாயே, அந்த நீ இங்கே ஒரு மணி நேரமாவது இருக்க வேண்டும்.

அப்புறம் இரண்டு தேவாலயங்கள். ஹோப் ஸ்ட்ரீட் என்ற ஒரே தெருவின் இரு முனையிலும் நிற்கின்றன, நடுவில் மெதுவாக நடந்தாலும் கால் மணி நேரம். அவற்றில் ஆங்கிலிக்கன் சபையின் தேவாலயத்துக்கான வடிவமைப்புப் போட்டியில் 1903-இல் வென்ற ஜைல்ஸ் கில்பர்ட் ஸ்காட் என்ற கட்டடக் கலைஞருக்கு அப்போது 22 வயது. இங்கிலாந்தின் சிவப்பு டெலிபோன் கூண்டை வடிவமைத்தவரும் அவர்தான். 1904-இல் தொடங்கிய தேவாலயம் 1978-இல்தான் முடிந்தது. அவர் 1960-இலேயே இறந்துவிட்டார். உள்ளே நின்று மேலே அண்ணாந்து பார்த்தபோது எனக்கு அந்த மனிதர் நினைவாகவே இருந்தது.

சாப்பாட்டுக்கு ஸ்கௌஸ் என்ற குழம்பு அந்த ஊருக்கே உரியது. இறைச்சி இல்லாமல் செய்வதை 'ப்ளைண்ட் ஸ்கௌஸ்' என்பார்கள். மதினிக்கு அதைக் கேட்டு வாங்கு. மத்தியானத்துக்கு சூப்பர்மார்க்கெட்டில் சாண்ட்விச் வாங்கி ஆற்றங்கரையில் உட்கார்ந்து சாப்பிடலாம். ஊரின் சின்னமான லிவர் பறவைகளின் சிலைகள் மேலே நிற்கும் கட்டடமும் அங்கேதான்.

ஆனால் உன்னை நான் கூப்பிடுவது முக்கியமாகக் க்ராஸ்பி கடற்கரைக்காக. உள்ளூர் ரயிலில் வடக்கே கொஞ்ச தூரம். ஆண்டனி கோர்ம்லி என்ற சிற்பி தன் உடம்பையே அச்செடுத்து வார்த்த 100 இரும்பு மனிதர்கள், மூன்று கிலோமீட்டர் நீளக் கரையில் கடலைப் பார்த்து நிற்கிறார்கள். அலையேற்றத்தில் சிலர் கழுத்தளவு தண்ணீரில் நிற்பார்கள். கடல் உள்வாங்கியதும் காலடிவரை தெரியும். துருவும் சிப்பியும் ஏறிய அந்த முதுகுகளைப் பார்த்தபடி நான் வெகுநேரம் பேசாமல் நின்றேன். ஊரை விட்டு வந்த 31 வருஷமும் நினைவுக்கு வந்தது. கரையோர நடைபாதை சமதளம்தான், மதினி அதிலேயே நடக்கலாம். தூரத்தில் நிற்கும் சிலைகளை நோக்கி மட்டும் போகக் கூடாது, அங்கே சேறு காலை உள்ளே இழுக்கும்.

அந்த நாள் நானும் வந்துவிடுகிறேன். இங்கிருந்து லிவர்பூலுக்கு 1830-இல் போட்ட பாதை வழியாகவே இப்போதும் வண்டி போகிறது, ஒரு மணி நேரத்துக்குள் சேர்ந்துவிடுவேன். புளியோதரை கட்டிக்கொண்டு வருகிறேன். எந்த வாரம் தோது என்று மகனிடம் கேட்டு எழுது. கடல் எப்போது உள்வாங்கும் என்று பார்த்துச் சொல்கிறேன், அதற்குப் பிறகு டிக்கெட் எடு.

அன்புடன்,
சுப்பையா